உப்பு உலையும் இரண்டு மார்க் கேள்வியும்

அந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது, அது சம்பளச் சீட்டோடு சரி. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் உப்பக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் அழைத்தார்கள். ஆரம்பத்தில், இத்தனை தம்பிகளைப் பெற்ற விஷயம் என் அம்மாவுக்கே தெரியாதே என்று சொல்லிப் பார்த்தார். யாரும் மாறுவதாக இல்லை. அவரும் விட்டுவிட்டார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தத் தொழிற்சாலையில் அது பழமொழி இல்லை, அன்றாட நடப்பு. அங்கே செய்வது டிரில் பிட். கடைந்து, முறுக்கி, பளபளவென்று தேய்த்து என்ன பிரயோசனம்? உப்பு உலையில் முழுகி எழுந்தால்தான் அது இரும்பைத் துளைக்கும். முழுகாத பிட், மரத்தைக்கூடக் கெஞ்சிக் கூத்தாடித்தான் துளைக்க வேண்டும்.

உலை என்றதும் விறகு, புகை என்று நினைத்துவிட வேண்டாம். நெருப்புச் செங்கல் பதித்த ஒரு தொட்டி, இடுப்பளவு ஆழம். உள்ளே முக்கால் டன் உப்பு. சாப்பாட்டில் போடுகிறோமே அந்த உப்பும், அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டு பேரும் கலந்த கலவை. மேலிருந்து இரண்டு தடித்த இரும்பு எலக்ட்ரோடுகள் உப்புக்குள் இறங்கியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உப்பின் வழியாகவே கரண்ட் ஓடும். அந்த ஓட்டம்தான் சூடு, வேறு அடுப்பு கிடையாது. எண்ணூற்றைம்பது டிகிரியில், ஆரஞ்சு நிறத்தில், அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக உப்பு உருகி நிற்கும். வேறு எந்தத் திரவமாவது அந்தச் சூட்டில் நிற்குமா என்று கேட்டால், எண்ணெய் அதற்கு வெகு முன்பே தீப்பிடித்துவிடும், தண்ணீர் ஆவியாகி ஊரைவிட்டே போய்விடும். உப்புதான் நிற்கும்.

உப்பக்காவின் வேலையைச் சொல்வது சுலபம். பிட்டுகளைக் கம்பிக் கூடையில் தொங்கவிட்டு, ஈரம் போகச் சூடுகாட்டி, உப்பில் இறக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே நிறமானதும் தூக்கி எண்ணெயில் அமுக்க வேண்டும். பிறகு வெந்நீர்த் தொட்டி. பிட்டின் மேல் வெள்ளையாய் ஒட்டியிருக்கும் உப்பு, வெந்நீரில் சொல்லாமல் கொள்ளாமல் கரைந்துவிடும். சுலபம்தான், செய்து பார்த்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அரை நிமிடம் கூடினால் பிட் முறியும், அரை நிமிடம் குறைந்தால் மழுங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால், அது அடியில் ஆவியாகி உப்பைத் தூக்கிக் கூரைக்கு எறியும். புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்லும் எச்சரிக்கை ஒன்றே ஒன்று. உப்புக்குத் தண்ணீர் கொடுத்தால் நமக்கு யாரும் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்காது என்பார். இருபத்துமூன்று வருடத்தில் அவருடைய ஷிப்டில் ஒருவருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை, ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் உலைக்கு வந்த கதையும் வேடிக்கையானது. பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் வேலையை விட்டுப் போய்விட, ஃபோர்மேன் பேக்கிங் பக்கம் வந்து, பயப்படாத ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். இந்த ஃபோர்மேனுக்குச் சரிசரி என்று பெயர். மழை வரும் என்றாலும் வராது என்றாலும் சரி சரி என்பார், அதனால் வந்த பெயர். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு லேபிள் ஒட்டினார்கள். உப்பக்கா மட்டும், பயம் இருக்கிறது, ஆனால் இந்தப் பசை வாசனை அதைவிட மோசமாக இருக்கிறது என்றார். ஃபோர்மேன் சரி சரி என்றார்.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு முள்ளும் இருந்தது. உப்பக்கா பள்ளி இறுதித் தேர்வில் வேதியியலில் நான்கு மார்க்கில் தோற்றவர். மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க். வேதியியல் தாளில் இரண்டு மார்க் கேள்வி ஒன்று இருபத்தெட்டு வருடமாக அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. ‘சோடியம் குளோரைடு திண்ம நிலையில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, உருகிய நிலையில் கடத்துகிறது. காரணம் கூறுக.’ கடத்தாது, கடத்தும் என்பதை மனப்பாடம் செய்திருந்தார். காரணம் மட்டும் மனப்பாடத்தில் இல்லை. பேனாவைக் கடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இடத்தைக் காலியாக விட்டார். அந்தக் கால் மணி நேரத்தில் இன்னொரு கணக்கும் போனது. மறுபடி எழுத வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தைரியமில்லை.

பிறகு விதி செய்த கிண்டலைப் பாருங்கள். அந்தக் கேள்வியையே முக்கால் டன் கணக்கில் தொட்டியில் ஊற்றி, இதைப் பார்த்துக்கொள் என்று அவர் கையில் கொடுத்துவிட்டது.

விடை கிடைத்தது, மகள் அதே தேர்வுக்குப் படித்த வருடம். சாப்பாட்டு மேசையில் புத்தகம் திறந்து கிடந்தது. தட்டைத் துடைத்துக்கொண்டே ஒரு படத்தைப் பார்த்தார். சிவப்பு உருண்டை, நீல உருண்டை, சிவப்பு, நீலம் என்று வரிசை வரிசையாக அடுக்கு. சிவப்பு நேர்மின் துகள், நீலம் எதிர்மின் துகள். ஒரு சிவப்பைச் சுற்றி முன்னும் பின்னும், வலமும் இடமும், மேலும் கீழும் ஆறு நீலம். ஒவ்வொரு நீலத்தைச் சுற்றியும் ஆறு சிவப்பு. எல்லோரையும் எல்லோரும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தர் நகர முடியாது. அத்தனை பிடியையும் தளர்த்த வேண்டுமென்றால் சூடு எவ்வளவு வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள். கரண்ட் என்பது இந்தத் துகள்கள் நடந்துபோய்ச் சேர்க்கிற சுமை. நடக்க முடியாதவர்கள் சுமையை எங்கே கொண்டு போவார்கள்? உருகினால் பிடி தளரும், நடக்கலாம், கரண்ட் ஓடும். அவ்வளவுதான்.

உப்பக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே பாடம் முழுவதையும் படித்தார். உளி வைத்துத் தட்டினால் உப்புக்கட்டி வளையாமல் ஏன் பளிச்சென்று பிளக்கிறது என்பதும் அங்கே இருந்தது. அடித்த அடியில் ஒரு வரிசை ஒரே ஓர் இடம் தள்ளிப் போனால் போதும், சிவப்புக்கு எதிரே சிவப்பு வந்து நின்றுவிடும். ஒரே குறிக்காரர்கள் முகத்தில் முகம் விழிக்கமாட்டார்கள், உதறிக்கொண்டு பிரிவார்கள். வெந்நீர்த் தொட்டியின் மர்மமும் இருந்தது. தண்ணீர்த் துகளுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர். அவை கூட்டமாக வந்து ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விடும். எண்ணூறு டிகிரி முரட்டுத்தனமாகச் செய்வதைத் தண்ணீர் நைச்சியமாகச் செய்துவிடுகிறது.

அவருடைய கணவர் தையல்காரர். காஜா எடுத்துக்கொண்டிருந்தவர், என்ன சிரிக்கிறாய் என்று கேட்டார். உப்பக்கா படத்தைக் காட்டி விளக்கினார். தையல்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட, தைச்ச பட்டன் உருளாது, நூல் விட்டா உருளும். இதுக்கா உன்னை ஃபெயில் ஆக்கினாங்க?" என்றார். உப்பக்கா சத்தமாகவே சிரித்துவிட்டார். அன்றைக்குப் பரீட்சை ஹாலில் இந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

இனி அந்தச் சம்பவத்துக்கு வருவோம். உப்பு உலைக்கு ஒரு வழக்கம் உண்டு, அதை மீறினால் உலை சுலபத்தில் மன்னிக்காது. கரண்ட் போனாலோ உலையை நிறுத்தினாலோ, உப்பு உறைவதற்குள் காயிலை உள்ளே இறக்கிவிட வேண்டும். காயில் என்பது இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே மேல்மட்டத்தில் நிற்கும்படி செய்த ஒரு கம்பிச்சுருள். உப்பு அதோடு சேர்ந்து உறையும். கரண்ட் வந்ததும் காயில் சூடாகித் தன்னைச் சுற்றி உப்பை உருக்கும். உருகியது இரண்டு எலக்ட்ரோடையும் தொட்டவுடன் மீட்டர் முள் துள்ளும், அதற்குப் பிறகு உலை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காயில் இல்லாமல் உறைந்துவிட்டால் அது வெறும் கல். கல்லில் கரண்ட் போகாது, கரண்ட் போகாமல் கல் உருகாது. மாடு வாங்கக் கயிறு வேண்டும், கயிறு வாங்க மாட்டை விற்க வேண்டும் என்கிற கதை.

காயில் எப்போதும் உலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கொக்கியில் தொங்கும். அதில் ஓர் இடத்தில் வெடிப்பு விட்டிருப்பதை உப்பக்கா பார்த்தார். அனுப்பிச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தார். அவசர ஆர்டர் இருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாளும் அவசர ஆர்டர். கடைசியாகக் கரண்ட் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது, இந்த வாரமா போகப் போகிறது என்று மனம் சொல்லிற்று. இப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் காயிலை எடுத்து, ஊரின் மறுகோடியில் இருந்த பட்டறைக்கு அனுப்பினார். அன்றைக்குப் பதினோரு மணிக்குச் சூறைக்காற்று அடித்து, மின் கோபுரம் ஒன்று சாய்ந்து, பாதி ஊருக்குக் கரண்ட் போயிற்று.

அவர் கை பழக்கத்தில் கொக்கிக்குப் போனது. கொக்கி வெறுமையாக இருந்தது.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மூடியை லேசாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆரஞ்சு சிவப்பாயிற்று, சிவப்பு கறுத்தது, ஓரத்தில் ஆடை படர்ந்தது. மாலைக்குள் முக்கால் டன் உப்பும் சாம்பல் வெள்ளையில் கல்லாகிவிட்டது. காயில் சரிசெய்யப்பட்டு மறுநாளே வந்து சேர்ந்தது. கல்லுக்குள் அதை எப்படிச் செருகுவது? உப்பக்கா அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்குக் கரண்ட் வந்தது. எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார். மீட்டர் முள் படுத்த படுக்கையிலிருந்து அசையவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதோ என்று அவர் திறந்து பார்க்கப் போக, அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உப்புதான் விடவில்லை என்றார் உப்பக்கா. அப்போது இன்ஜினியரம்மா வந்து சேர்ந்தார்.

இன்ஜினியரம்மா வேறொரு தொழிற்சாலையிலிருந்து மாறி வந்து நான்கு மாதம். உப்பக்காவின் வயதுதான் இருக்கும். குரல் உயராது, முடிவு மாறாது. தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார், வெறுங்கையால் உப்பைத் தட்டிப் பார்த்தார், காற்றுச் சுத்தியல்காரர்களை மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். உப்பை உடைத்து எடுத்துவிடலாம், கூடவே செங்கலும் போகும்தான், போகட்டும், இந்த இடத்தில் கேஸ் உலை ஒன்று வைத்துக்கொள்ளலாம். கேஸ் உலைக்கு மற்ற பிரிவிலேயே ஆள் இருக்கிறார்கள். உப்பக்காவுக்குப் பேக்கிங்கில் இடம் தரலாம்.

ஃபோர்மேன் சரி சரி என்றார். சொல்லிவிட்டு உப்பக்காவைப் பார்க்காமல் இருக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

உப்பக்காவுக்கு அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியது. உலையும் போகிறது, உலையோடு இருபத்துமூன்று வருடமும் போகிறது. அவர் கெஞ்சவில்லை. வேறு வழி ஒன்று இருக்கிறது, கேஸ் டார்ச்சால் மேலே உருக்கிப் பார்க்கலாம் என்றார்.

இன்ஜினியரம்மா உடனே மறுத்தார். காரணத்தையும் சொன்னார், அது சாதாரணக் காரணம் இல்லை. பழைய தொழிற்சாலையில் இதேபோல் உறைந்த உலையைச் சூடாக்கினார்களாம், அடியில் பர்னர் வைத்து. உப்பு உருகும்போது விரியும். அடியில் உருகியது விரிந்தது, மேலே கல் மூடி. போக இடமில்லாமல் ஒரே வெடிப்பு. முகமும் கையும் வெந்துபோன ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் இன்ஜினியரம்மாவும் உட்கார்ந்திருந்தார். "உலை போனா வேற உலை வாங்கலாம்," என்றார். "அந்த ஆள் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு."

அந்தப் பயம் நியாயமானது என்று உப்பக்காவுக்குத் தெரியும். அவருடைய பயமும் அதுவேதான், இருபத்துமூன்று வருடமும் அதோடுதான் வேலை பார்த்திருக்கிறார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மேடம், அங்க சூடு அடியில இருந்து வந்துச்சு. இங்க சூடு எங்க இருந்து வரும்?"

"கரண்ட்ல இருந்து."

"கரண்ட் எங்க ஓடும்? உருகின இடத்துல மட்டும்தான் ஓடும். கெட்டி உப்புல அதுக்கு வழியே கிடையாது. மேல கையகலம் ஒரு குளம் பண்ணி ரெண்டு எலக்ட்ரோடையும் தொட வெச்சுட்டா, கரண்ட் அந்தக் குளத்துல மட்டும் ஓடும். சூடும் அங்கதான். குளம் மேல இருந்து கீழ இறங்கிட்டே போகும். மேல எப்பவும் திறந்தே இருக்கும். விரியுறதுக்கு வானம் வரைக்கும் இடம் இருக்கு மேடம்."

இன்ஜினியரம்மா தொட்டியைப் பார்த்தார், எலக்ட்ரோடுகளைப் பார்த்தார், மறுபடி உப்பக்காவைப் பார்த்தார். இதை முன்பு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் உப்பக்கா. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்ஜினியரம்மா மணியைப் பார்த்தார்.

"மூணு மணி வரைக்கும். உடைக்கிறவங்களை நிறுத்தமாட்டேன். நானும் இங்கயே நிப்பேன்."

"வரட்டும் மேடம். வந்தா டீ குடுப்போம்," என்றார் உப்பக்கா.

முகக் கவசம், தோல் அங்கி, நீளக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உப்பக்கா முதலில் எடுத்தது உளியும் சுத்தியும். இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே உப்பில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும், உருகுவது ஓரம் பாயாமல் அதில் நிற்க வேண்டும். உளியை வாகு பார்த்து வைத்து ஒரு தட்டு. உப்பு முனகாமல் பிளந்தது, பிளந்த முகம் சமமாக மினுங்கியது. டார்ச் பிடிக்க வந்திருந்த வெல்டர் எட்டிப் பார்த்து, இவ்வளவு சூடு தாங்குகிறது, ஓர் அடி தாங்கவில்லையே என்றார். இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, என் மாமியாரைப் பார்த்ததில்லையா நீ என்றார் உப்பக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஓர் அடி கிட்டே வந்தார்.

பத்து மணிக்கு டார்ச் பற்றவைத்தார்கள். உப்பக்கா ஒரு பக்கம், வெல்டர் மறுபக்கம். இரண்டு நாளாகக் காற்றின் ஈரத்தைக் குடித்திருந்த உப்பு, சூடு பட்டதும் படபடவென்று பொரிந்தது. அவசரப்பட்டால் தெறிக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் அவர் உருக்கவே இல்லை, சுடரைத் தூக்கிப் பிடித்து மேலாக வருடிக்கொடுத்தார். பொரிவது நின்ற பிறகுதான் சுடரை இறக்கினார். மேல்தோல் பளபளத்தது, வியர்த்தது, பிறகு வாய்க்காலின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து நெகிழ்ந்தது. ஒரு மணிக்கு அது உள்ளங்கை அகலமாயிற்று. இரண்டு மணிக்கு வாய்க்கால் முழுவதும் உருகி நின்றது. அந்தப் பக்கம் ஓர் எலக்ட்ரோடு, இந்தப் பக்கம் ஓர் எலக்ட்ரோடு, நடுவில் சிவந்த குளம்.

போடுங்க என்றார் உப்பக்கா. எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார்.

முள் அசையவில்லை.

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. காற்றுச் சுத்தியல்காரர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கெட்ட செய்திக்கு மட்டும் ஊரில் தாமதமே கிடையாது. அவர்கள் காற்றுக் குழாய்களை இறக்கிச் சுருளைப் பிரித்தார்கள். ஃபோர்மேன் உப்பக்காவிடம் வந்து, போதும் அக்கா, நீங்கள் செய்யக்கூடியதைச் செய்துவிட்டீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அவர் சரி சரி சொல்லாத ஒரே வாக்கியம் அதுதான். உப்பக்காவுக்குக் கண் கலங்கியது. கவசத்துக்குள் யாருக்கும் தெரியவில்லை, துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தக் கலங்கிய கண்ணோடுதான் குனிந்து பார்த்தார். குளம் எலக்ட்ரோடைத் தொடுகிறது, தொடுவதுபோல் தெரிகிறது. ஆனால் எலக்ட்ரோடைச் சுற்றி நிறம் வேறு. குளம் சிவப்பு, அதன் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அவருக்குப் புத்தகத்துப் படம் கண்ணில் வந்து நின்றது. இரும்பு குளிர்ந்து கிடக்கிறது, தன்னை ஒட்டிய உப்பின் சூட்டை அது உறிஞ்சிவிடுகிறது, அங்கே மட்டும் உப்பு உறைந்து நிற்கிறது. நகக்கண் அகலமாக இருந்தால் என்ன, உறைந்தால் உறைந்ததுதான். அதற்குள் இருக்கும் சிவப்பும் நீலமும் ஓர் அங்குலமும் நகரமாட்டார்கள். குளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கோடு கரண்டுக்கு மதில்சுவர்.

"உப்பை விடு," என்று வெல்டரிடம் சொன்னார். "இரும்பைக் காய்ச்சு. ரெண்டு பேரும் எலக்ட்ரோடு மேலயே பிடிப்போம்."

இன்ஜினியரம்மா லாரிக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார், அவர்கள் குழாயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். உப்பக்கா அதைப் பார்க்கவில்லை. சுடரை எலக்ட்ரோடின் கழுத்தில் பிடித்தபடி இருந்தார். இரும்பு நீலம் பாய்ந்தது, கறுத்தது, மெல்லச் சிவந்தது. குளத்தின் மட்டம் இறங்குவதைக் கண்டு, தட்டில் காய்ச்சி வைத்திருந்த உலர்ந்த உப்பை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று சேர்க்கச் சொன்னார். மூன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வெள்ளைக் கோடு ஓர் இடத்தில் அறுந்தது, பிறகு காணாமலே போயிற்று.

எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார். முள் நடுங்கியது. பத்துக்குப் போய்த் தயங்கியது. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் நாற்பது, எழுபது, நூற்றிருபது என்று ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் தன் பழைய குரலில் முனக ஆரம்பித்தது. உப்பக்கா டார்ச்சை அணைத்துக் கீழே வைத்தார். இனி யாரும் காய்ச்ச வேண்டாம், குளம் தன்னைத் தானே காய்ச்சிக்கொள்ளும். ஃபோர்மேன் சரி சரி சரி என்று மூன்று முறை சொன்னார். காற்றுச் சுத்தியல்காரர்களுக்குச் சொன்னபடியே டீ வந்தது.

மறுநாள் காலையில் முக்கால் டன்னும் தெளிந்து நின்றது. இன்ஜினியரம்மா ஓர் அறிக்கைத் தாளோடு உலைப் பக்கம் வந்தார். உலை நின்றதற்குக் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் மின்தடை என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

உப்பக்கா படித்துப் பார்த்தார். "இது பாதிதான் மேடம். காயில் வெடிச்சிருந்ததைப் பார்த்துட்டு அஞ்சு நாள் சும்மா இருந்தேன்."

"எழுதினா மேல இருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"வரட்டும். உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்," என்றார். பேனாவை வாங்கி, மின்தடை என்பதற்குக் கீழே, காயிலைப் பழுதுபார்க்க அனுப்புவதில் ஐந்து நாள் தாமதம் என்று எழுதித் தன் பெயரையும் போட்டார். இனிமேல் கொக்கியில் இரண்டு காயில் தொங்க வேண்டும் என்றும் சேர்த்தார். கடிதம் பின்னால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கி மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார், யார்மேலும் வருத்தமில்லை.

தாளில் கடைசியாக இன்னொரு கட்டம் இருந்தது. எடுத்த நடவடிக்கை, அது பலித்ததற்குக் காரணம் கூறுக. இன்ஜினியரம்மா, இதை நானே எழுதிவிடுகிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கையை நீட்டினார். உப்பக்கா தாளைக் கொடுக்கவில்லை. காரணம் கூறுக என்ற அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். பேனா முனை அவரை அறியாமல் பல்லுக்குப் போய்விட்டுத் திரும்பியது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சைக்கு எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

‘திண்ம உப்பில் நேர், எதிர் அயனிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து அதனதன் இடத்திலேயே நிற்கின்றன. நகர முடியாததால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. உருகும்போது பிடி தளர்ந்து நகர்கின்றன, கடத்துகின்றன. ஆகவே உருகிய உப்பு இரண்டு எலக்ட்ரோடுகளையும் தொட்ட பிறகே உலை இயங்கியது.’

இன்ஜினியரம்மா வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"படிச்சேன்னு சொல்ல முடியாது மேடம். இதுல ஃபெயில் ஆனேன்," என்றார் உப்பக்கா. அந்தக் காலி இடத்தைப் பற்றி, கால் மணி நேரத்தைப் பற்றி, நான்கு மார்க்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். யாரிடமும் இதை இவ்வளவு இலகுவாகச் சொன்னதில்லை என்று சொல்லும்போதே அவருக்குத் தோன்றியது.

இன்ஜினியரம்மா சட்டைப் பையிலிருந்து தன் சிவப்புப் பேனாவை எடுத்தார். உப்பக்கா எழுதியதன் ஓரத்தில் சின்னதாக ஏதோ போட்டு, தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டுக்கு இரண்டு.

உப்பக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார், இன்னும் தேவையில்லாதபோதே. பிறகு முதல் கூடை பிட்டுகளைத் தூக்கிக்கொண்டு உலைக்குப் போனார்.